லயத்து ஆள்

நானூற்று நாற்பத்தெட்டுப் பேய்களிடம் ஒரே நேரத்தில் கைதட்டு வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. பெயர் அர்ச்சுனன். வீடு மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான பத்து காஜாவில். வயது அறுபத்தேழு. இனிப்பு நீர் கொஞ்சம் உண்டு. மற்றபடி ஆள் நல்ல சுகம்.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள். இது நடந்தது. கனவில்லை, காய்ச்சலில்லை, யாரோ சொல்லக் கேட்டதுமில்லை. போன ஆகஸ்டு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஈப்போவில், பட்டப்பகலில் நடந்தது. மணி மூன்று பதினேழு.

அர்ச்சுனன் சொல்வதை நாலால் வகுத்துத்தான் நம்ப வேண்டும் என்பது பத்து காஜாவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. கித்தா என்கிற ரப்பர் காட்டில் அவர் அடித்த மலைப்பாம்பு, அடித்த அன்று ஆறடி. செத்த பிறகு வளர ஆரம்பித்து, இன்றைய தேதிக்கு இருபத்து நாலடியில் வந்து நிற்கிறது. அவர் மனைவி நவமணியே, "நாலால வகுங்க. அப்பவும் மிச்சம் இருந்தா அதுவும் பொய்தான்" என்பார்.

சரி, வகுத்துப் பாருங்கள். நானூற்று நாற்பத்தெட்டை நாலால் வகுத்தால் நூற்றுப் பன்னிரண்டு.

கானவாணி மண்டபத்தில் கிடக்கும் நாற்காலிகள் நூற்றுப் பன்னிரண்டு.

அந்த மண்டபம் ஈப்போ பழைய டவுனில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. ரயில்வேயிலும் கருவூலத்திலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர்கள் தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் சங்கீதக் கச்சேரிக்கென்றே கட்டியது. பலகை மேடை. பிரம்பு பின்னிய நாற்காலிகள். உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள். ஒரு காலத்தில் உள்ளே இடம் கிடைக்காமல் சந்தில் நின்று கேட்டிருக்கிறார்கள். பிறகு கேட்கிறவர்கள் கிழடாகி, ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்து, இருபது வருடத்துக்கு முன் பூட்டுப் போட்டார்கள்.

பூட்டிய வீட்டுக்குக் கதை முளைப்பது இயற்கை. எதிரில் முடிவெட்டும் கடைக்காரர், மத்தியான நேரத்தில் உள்ளே யாரோ சுருதி சேர்ப்பதாகச் சொல்வார். சப்பான்காரன் வந்த வருடம், பாதிக் கச்சேரியில் குண்டுவீச்சு அபாயச் சங்கு ஊதி எல்லாரும் எழுந்து ஓடினார்களாம். மங்களம் பாடவே இல்லையாம். கச்சேரி இன்னும் முடியவில்லை என்பது அவர் கட்சி. பக்கத்துக் கோப்பிக் கடை சீனத்தி எதுவும் சொல்ல மாட்டார். ஆனால் சீனர்களின் பேய் மாதமான ஏழாம் மாதம் வந்தால் எல்லாரும் ரோட்டைப் பார்த்து ஊதுபத்தி கொளுத்துவார்கள்; அவர் மட்டும் மண்டபத்துச் சுவரைப் பார்த்துக் கொளுத்துவார்.

இதையெல்லாம் கேட்டாலே எரிந்து விழுகிறவர் ஒருவர் உண்டு. புஷ்பராணி. மண்டபத்தை வைத்திருக்கும் சங்கீத சபாவின் செயலாளர். வயது எழுபத்தொன்று. முப்பது வருடம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கூண்டில் ஏறி நிற்கிறவன் வாயைத் திறக்குமுன் பொய்யை மோப்பம் பிடித்துவிடுவார் என்று பெயர். தொண்ணூறாவது ஆண்டுக்கு நவம்பரில் ஒரு கச்சேரி வைத்து மண்டபத்தைத் திரும்பத் திறந்துவிட வேண்டும் என்று ஒற்றை ஆளாக நின்றார். சபாவில் பாதிப் பேருக்கு அதைக் கைகழுவிவிட ஆசை. ஒரு கச்சேரி கெட்டால் போதும், மண்டபம் போய்விடும்.

கச்சேரிக்கு முன்னால் மின்சார வயர்களைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். பத்து காஜா ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடம் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அர்ச்சுனனைக் கூப்பிட்டார்.

"உள்ளுக்குப் பார்த்ததை வெளியில போய்ப் பெருப்பிச்சுச் சொல்லக் கூடாது. பேய் எண்டு ஒரு கதை கிளம்பினா ஒருத்தரும் வந்து இருக்க மாட்டினம்."

"நான் ஏங்கா சொல்லப் போறேன்."

"நீர் சொல்லுவீர்."

இரண்டு முப்பத்தைந்துக்குக் கதவைத் திறந்தார்கள். வௌவால் நாற்றம். கால் வைத்த இடமெல்லாம் தூசி எழுந்தது. மெயின் சுவிட்சைத் திறந்தால் உள்ளே கறையான் புற்று. இணைப்பை எப்போதோ வெட்டியிருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் ஒரு குண்டூசி முனை அளவுக்கும் மின்சாரம் கிடையாது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. புஷ்பராணி குடையை எடுத்தார்.

"ரெண்டு கோப்பி வாங்கிக்கொண்டு வாறன்."

"எனக்குச் சீனி போடாம சொல்லுங்கக்கா. இனிப்பு நீர் லா."

அவர் சந்துக்குள் இறங்கினார். கதவு தானாக மெல்லச் சாத்திக்கொண்டது. மழை கொட்டியது. இனி அது விடும்வரை யாரும் வரப் போவதில்லை.

அர்ச்சுனன் மேடைப் பக்கம் நடந்தார். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. தரையெல்லாம் தூசி. சுவரெல்லாம் தூசி. நாற்காலிகளில் மட்டும் தூசி இல்லை. ஒன்றிலும் இல்லை. விரலால் தடவிப் பார்த்தார். சுத்தம்.

மேடையின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. ஒரு சின்ன உருண்டை. தொட்டார். ஈரம். கொழகொழவென்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

ரவை.

எவனோ உள்ளே புகுந்து உப்புமா தின்றிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். விரலைக் கால்சட்டையில் துடைத்தார். பிறகுதான் திரும்பித் தூசியைப் பார்த்தார். கதவிலிருந்து மேடை வரைக்கும் ஒரே ஒரு சோடிக் காலடி. அவருடையது.

மணி மூன்று பதினொன்று.

ங்ங்ங்ங்...

டிரான்ஸ்பார்மர் இரைகிறது என்று நினைத்தார். முப்பத்தோரு வருடம் கேட்ட சத்தம். ஆனால் இங்கே ஏது மின்சாரம்? சோதனைப் பேனாவை எடுத்து வயரில் வைத்தார். எரியவில்லை. சத்தம் நிற்கவுமில்லை.

உற்றுக் கேட்டார். அது ஒரே சத்தம் இல்லை. நாலு. ஒன்று விழுந்து, அதன்மேல் இன்னொன்று, இன்னொன்று... கடைசியில் அடியாழத்தில் ஒன்று. பிறகு மறுபடி முதலில் இருந்து.

தம்புரா.

ஒரு நாற்காலி கிறீச்சென்றது. பின் வரிசையில். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் வரிசையாக... கிறீச்... கிறீச்... கிறீச்... அர்ச்சுனன் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்காலிகளில் யாரும் இல்லை. ஆனால் பிரம்பு குழிந்தது. ஒவ்வொன்றாக. ஆள் உட்கார்ந்தால் எப்படிக் குழியுமோ அப்படி.

கடைசியாக முன்வரிசை. நூற்றுப் பன்னிரண்டும் குழிந்தன.

மூன்று பதினேழு. காதருகே ஒரு ஆண் குரல். பதற்றமில்லாத, அலுவலகத்துக் குரல்.

"லயத்துக்கு ஆர்?"

இங்கேதான் தப்பு நடந்தது. வேறு யாராக இருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். சங்கீதக்காரர்களுக்கு லயம் என்றால் தாளக்கட்டு. மிருதங்கத்துக்கு ஆள் யார் என்றுதான் அந்தக் குரல் கேட்டது. அர்ச்சுனனுக்கு அது தெரியாது. அவர் பிறந்து வளர்ந்தது தோட்டம். தோட்டத்தில் லயம் என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடு. சின்ன வயதில் ஆபீஸ் வாசலில் போய் நின்றால், யாழ்ப்பாணத்துக் கிராணி பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் இதே குரலில்தான் கேட்பார். எந்த லயம்? பதில் சொல்லத் தாமதித்தால் பிரம்பு வரும்.

அறுபது வருடம் ஆகியும் நாக்கு மறக்கவில்லை.

"நான்தாங்கையா. மூணாவது லயத்து ஆளு."

அதே குரல்.

"வந்திட்டீரோ. ஏறி இரும்."

ஏறியது அவருக்குத் தெரியவில்லை. உட்கார்ந்திருந்தார். சம்மணம் போட்டு. பத்து வருடமாக முழங்கால் மடங்காத மனிதர்.

முன்னால் ஏதோ இருந்தது. குனிந்து பார்க்க நினைத்தார். கழுத்து வளையவில்லை. கைதான் தொட்டது. தோல். சூடாக இருந்தது... இப்போதுதான் ஒருவன் வாசித்துவிட்டு எழுந்துபோன சூடு.

பட்.

கீழே நூற்றுப் பன்னிரண்டு தொடைகளில் ஒரே நேரத்தில் கை விழுந்தது. பிறகு மூன்று எண்ணும் நேரம் அமைதி. விரல் எண்ணுகிறார்கள். மறுபடி பட். கை திரும்பும் அமைதி. பட். அமைதி.

கை தானாக வாசிக்கத் தொடங்கியது. அவருக்கு மிருதங்கம் தெரியாது. இளவட்டமாக இருந்தபோது தோட்டத்துக் கோயில் பஜனையில் டோலக் அடித்தவர். சாவு விழுந்தால் தப்பு அடித்தவர். அவ்வளவுதான். டோலக் அடியைப் போட்டுச் சமாளித்தார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. நிறுத்தலாம் என்று நினைத்தார்.

கை நிற்கவில்லை.

இடது மணிக்கட்டில் கடிகாரம். அதை மட்டும் பார்க்க முடிந்தது. மூன்று இருபத்தாறு.

பஜனைக்கு ஒரு சட்டம் உண்டு. மங்களம் பாடும்வரை யாரும் எழக் கூடாது. தாளக்காரன் எழவே கூடாது. அது அவருக்கு நினைவு வந்தது. முடிவெட்டுகிறவர் சொன்னதும் கூடவே நினைவு வந்தது.

இந்தக் கச்சேரியில் மங்களம் பாடவே இல்லை.

யாராவது பாட வேண்டும். இல்லையென்றால் இங்கேயேதான். தானே பாடலாம் என்று வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது.

மூன்று முப்பத்துநாலு. பயத்தில் அடி பிசகியது. டோலக் அடி மறந்து போயிற்று. கை வேறொன்றைப் பிடித்துக்கொண்டது. அவர் அதிகம் அடித்த அடி அதுதான்.

சாவு அடி.

கீழே தொடைத் தட்டு நின்றது.

தம்புராவும் நின்றது.

மழைகூடக் கேட்கவில்லை.

பிறகு...

பட். பட். பட்.

நூற்றுப் பன்னிரண்டு பேரும் சாவு அடிக்குத் தாளம் போட்டார்கள்.

வேகமாக.

இன்னும் வேகமாக.

விரல் மரத்தது.

மூச்சு முட்டியது.

நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன.

மூன்று நாற்பத்தொன்று.

கதவுப் பக்கமிருந்து ஒரு பெண் குரல். நடுங்கியது. ஆனால் பாடியது.

மங்களம்.

கை மெதுவானது. பாட்டோடு சேர்ந்துகொண்டது. பாட்டு முடிந்தது. கையும் நின்றது. கீழே பிரம்புகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. எழுந்துவிட்டார்கள். பிறகு அந்தக் கைதட்டு... ஓட்டுக் கூரையில் கல்மாரி பெய்தது போல. தட்டிக்கொண்டே அது கதவை நோக்கிப் போயிற்று. சந்தில் இறங்கிற்று. மழையோடு கலந்து கரைந்தது.

மூன்று ஐம்பத்தைந்துக்குப் புஷ்பராணி உள்ளே வந்தார். கையில் இரண்டு கோப்பி, ஆறிப்போய். குடை இருந்தும் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அர்ச்சுனனைப் பார்த்தார்.

"வேலை முடிஞ்சுதோ?"

அர்ச்சுனன் நடந்ததைச் சொன்னார். கோர்ட்டில் கேட்பது போல முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்.

"நித்திரை கொண்டிருக்கிறீர். கனவு. வாயைப் பொத்திக்கொண்டு இரும்."

அர்ச்சுனனாவது வாயைப் பொத்துவதாவது. செப்டம்பர் மாதம் பேய்கள் நூற்று ஐம்பது. அக்டோபரில் முந்நூறு. தீபாவளிக்குள் நானூற்று நாற்பத்தெட்டு ஆகிவிட்டது. பாடிய பெண்ணுக்கு வயது பதினெட்டு, வெள்ளைச் சேலை, தேன் குரல், பாதம் தரையில் படவில்லை. ஊரே கேட்டுச் சிரித்தது. அவரும் கூடச் சிரித்தார். நவமணிக்குத்தான் தெரியும். அந்த மனிதர் தினமும் மத்தியானம் மூன்றேகால் ஆனால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கச்சேரி முடிஞ்சிடுச்சா இல்லையா நவமணி? முடியலன்னா கூப்பிடுவாங்க லா" என்று ஒருநாள் கேட்டார். நவமணி அன்று நாலால் வகுக்கவில்லை.

நவம்பர் கச்சேரிக்கு ஒரு வாரம் இருந்தது. மிருதங்கம் வாசிக்கச் சுங்காயிலிருந்து தீபன் என்பவர் மண்டபத்தைப் பார்க்க வந்தார். நாற்பது வயதுக்காரர். கோப்பிக் கடையில் நாலு பேர். தீபன், புஷ்பராணி, அர்ச்சுனன், நவமணி. புஷ்பராணி பயந்தபடியே அர்ச்சுனன் பாம்பிலிருந்து பேய்க்கு வந்துவிட்டார்.

"துவங்கீட்டார்" என்றார் புஷ்பராணி. "தம்பி, இவரின்ரை கதையைக் கேட்டுப்போட்டு வாசிக்க மாட்டன் எண்டு சொல்லிப்போடாதையும்."

தீபன் சிரித்தார். "நல்லாதானே போவுது. சொல்லட்டும்கா."

அர்ச்சுனன் கைதட்டு வரைக்கும் சொல்லி முடித்தார். நவமணி கோப்பியைக் கலக்கிக்கொண்டே, "பேயெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. அன்னிக்கு வீட்டுக்கு வந்தவரு கையெல்லாம் மாவு காஞ்சு ஒட்டியிருந்துச்சு. உப்புமா எங்க தின்னீங்கன்னு சத்தம் போட்டேன்" என்றார்.

தீபனின் சிரிப்பு நின்றது.

"எந்தக் கை, அக்கா?"

"இடது கை. உள்ளங்கை முழுக்க."

"அண்ணே, மிருதங்கத்துல இடது பக்கத் தோலுல என்னா ஒட்டுவோம், தெரியுமா?"

"என்னா ஒட்டுவீங்க? ஸ்டிக்கரா?"

"ரவா. தண்ணி விட்டுப் பெசைஞ்சு ஒட்டுவோம். அப்பதான் அடிச் சத்தம் கனமா வரும். வாசிக்க வாசிக்க உள்ளங்கையில ஒட்டிக்கும்."

"எனக்கு ரவான்னா உப்புமாதான் தம்பி."

"பழைய ரவையாக் கிடந்திருக்கும்" என்றார் புஷ்பராணி வேகமாக.

"பழசுன்னா கல்லாயிடும்கா. ஒரு கச்சேரி தாங்காது." தீபன் அர்ச்சுனன் பக்கம் திரும்பினார். "அண்ணே, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மங்களம் பாடினாங்கன்னு சொன்னீங்களே. எவ்ளோ பாடினாங்க?"

"முழுசும்."

"முழுசும்னா?"

"முதல் வரி அந்தப் பொண்ணு தனியா. அப்புறம் கொஞ்சம் நின்னுச்சு. ரெண்டாவது வரிலேருந்து எல்லாரும் சேர்ந்துக்கிட்டாங்க. ஆம்பள, பொம்பள எல்லாம். கடைசி வரைக்கும் பாடினாங்க. எத்தனை பேருன்னு எண்ணல."

அர்ச்சுனன் வாழ்க்கையில் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

புஷ்பராணி கோப்பையைக் கீழே வைத்தார்.

"கடைசி வரைக்குமோ? உண்மையாச் சொல்லும். இதை நாலால வகுக்க ஏலாது."

"கடைசி வரைக்கும்கா. சாமி சத்தியமா. நான் கூடவே அடிச்சேன் லா."

புஷ்பராணி மண்டபத்துச் சுவரைப் பார்த்தார்.

"பதினெட்டு வயசுமில்லை, வெள்ளைச் சீலையுமில்லை. அது நான்."

நவமணி குபுக்கென்று சிரித்துவிட்டார். தீபனும் சிரித்தார். அர்ச்சுனன் முகம் மட்டும் சுருங்கியது. அவருடைய பேய்களிலேயே அழகான பேய் அது.

"சிரிக்காதையுங்கோ." புஷ்பராணியின் குரல் கோர்ட்டுக் குரலாக இல்லை. "மழை விடேல்லை எண்டு குடையைப் பிடிச்சுக்கொண்டு வந்தனான். கதவடியில மிருதங்கம் கேட்டது. கதவு நீக்கலுக்குள்ளால பார்த்தன். நீர் மேடையில இருந்து வாசிக்கிறீர். உமக்கு முன்னால மிருதங்கம் இல்லை. வெறும் பலகை. கை காத்திலதான் அடிக்குது... சத்தம் மட்டும் வருது. உம்மை எப்பிடி எழுப்புறது எண்டு எனக்குத் தெரியேல்லை. மங்களம் பாடினா எல்லாரும் எழும்பத்தானே வேணும்? அதுதான் பாடினன்."

"அப்பறம் ஏங்கா இத்தனை நாளா என்னைப் பொய்யன்னு சொன்னீங்க?"

"சொன்னா ஆர் இஞ்ச வந்து பாட்டுக் கேப்பினம்? அதோட, நான் பாடினதாலதான் முடிஞ்சுது எண்டு நினைச்சு மனசைத் தேத்திக்கொண்டன்."

"நீங்க பாடினதாலதானே முடிஞ்சிச்சு?"

புஷ்பராணி இல்லை என்று தலையை ஆட்டினார்.

"ஒரு வரிதான் பாடினன். அதோட தொண்டை அடைச்சுப்போட்டுது. குடையையும் மடக்கிக்கொண்டு ஓடினனான். ரோட்டுக்கு அங்கால மழைக்குள்ள போய் நிண்டனான்."

புஷ்பராணி அர்ச்சுனன் பக்கம் திரும்பினார்.

"நீர் சொன்னது நடந்தது, அர்ச்சுனன். மிச்சத்தை நான் பாடேல்லை."